முள்ளிலிருந்து தொடங்குங்கள்



அமெரிக்காவின் அலபாமா, டெக்சாஸ், ஃப்ளோரிடா போன்ற மாநிலங்களில் மீன்பிடிச் சாமான் கடைக்குள் போனால், சுவரோரம் ஆள் உயரத்துக்கும் மேலாகத் தூண்டில் கம்புகள் வரிசை கட்டி நிற்பதைப் பார்க்கலாம். அவற்றில் ஒரு நீண்ட வரிசை ஒரே ஒரு மீனுக்காக. அதன் பெயர் லார்ஜ்மவுத் பாஸ். அகன்ற வாயும், பச்சை மேனியில் விலாவோடு ஓடும் கரும்பட்டையும் கொண்ட நன்னீர் மீன் அது. ஜேம்ஸ் ஹென்ஷால் என்ற மருத்துவர் 1881இலேயே பாஸ் மீனுக்கென்று ஒரு தனிப் புத்தகம் எழுதிவிட்டார். 1960களின் பிற்பகுதியில் ரே ஸ்காட் என்பவர் தொடங்கிய போட்டிகளுக்குப் பிறகு, பாஸ் பிடிப்பது அங்கே பரிசுப் பணமும் தொலைக்காட்சி ஒளிபரப்பும் உள்ள ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது.

அந்தக் கடையில் நிற்கும் புதியவர் என்ன செய்கிறார்? ஒரு கம்பை எடுக்கிறார், நாலு முறை ஆட்டிப் பார்க்கிறார், விலைச் சீட்டைப் புரட்டுகிறார், பக்கத்துக் கம்பை எடுக்கிறார். கைப்பிடியில் தொடங்கி நுனியை நோக்கிப் போகிறது அவர் யோசனை. நான் சொல்ல வந்தது, அந்த வழியைத் திருப்பிப் போட வேண்டும் என்பதுதான். மீன் வாயில் ஏறப்போகும் முள்ளில் தொடங்கி, கைப்பிடியில் வந்து முடிய வேண்டும்.

அதற்குமுன், பாஸுக்குப் பலரும் எடுக்கும் காஸ்டிங் ராட் என்பது எது என்று பார்த்துவிடுவோம். இதில் தூண்டில் நரம்பைச் சுற்றிவைக்கும் ரீல் கம்பின் மேல்பக்கம் அமர்ந்திருக்கும். நரம்பு ஓடும் வளையங்களும் மேல்பக்கமே இருக்கும். பிடியின் அடியில் விரல் மாட்டிக்கொள்ள ஒரு சிறு கொக்கி உண்டு. ஸ்பின்னிங் ராட் என்ற மற்ற வகையில் ரீலும் வளையங்களும் கீழே தொங்கும். கென்டக்கி மாநிலத்தில் பாரிஸ் என்ற ஊரில் கடிகாரம் செய்துவந்த ஜார்ஜ் ஸ்னைடர், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்சக்கரம் பூட்டிய ரீல் ஒன்றைச் செய்தார். கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் உருளை பல சுற்றுச் சுற்றும். இன்றைய காஸ்டிங் ரீல் அந்த வம்சம்.

இந்த ரீலில், வீசும்போது நரம்பு சுற்றிய உருளையே சுழல்கிறது. பறந்துபோகும் இரைதான் அதை இழுத்துச் சுழற்றுகிறது. இரையின் வேகம் தளர்ந்த பிறகும் உருளை சுழன்றுகொண்டே இருந்தால் நரம்பு முழுவதும் சிக்காகிவிடும். அதனால் கட்டைவிரல் உருளையின் மேல் காவல் இருக்க வேண்டும். பழகச் சில நாள் பிடிக்கும். இந்தத் தொல்லைக்கு ஈடாகக் கிடைப்பவை தடித்த நரம்பு, கனமான இரை, குறி தப்பாத வீச்சு, இழுப்பதற்கு வலு. 7 கிராமுக்கும் குறைவான இரைகளுக்கு உருளையைச் சுழற்றும் தெம்பு பெரும்பாலும் இருக்காது. தெளிந்த நீரில் மெல்லிய நரம்பில் சிறிய இரை போடுகிறவருக்கு ஸ்பின்னிங் ராடே பொருத்தம். அமெரிக்காவின் பேரேரிகளில் ஸ்மால்மவுத் என்ற இன்னொரு வகைப் பாஸைப் பிடிப்பவர்களில் பலர் அதைத்தான் எடுக்கிறார்கள்.

இனி முள்ளுக்கு வருவோம். பாஸுக்குப் போடும் செயற்கை இரைகள் நூற்றுக்கணக்கில் இருக்கலாம். கம்பு வாங்குகிறவருக்கு அவை இரண்டே வகை.

முதல் வகையில் ஒற்றை முள், தடித்த கம்பியில் செய்தது. ரப்பர் போன்ற மென்மையான பிளாஸ்டிக் புழுவுக்குள் முள்ளின் கூர்முனையை மறைத்துவைக்கும் டெக்சாஸ் ரிக் இந்த வகை. ஈயத் தலை வைத்த ஜிக்கும் இதில் சேரும். டெக்சாஸ் ரிக்கில் முனை மறைந்திருப்பதால் புல்லிலும் கட்டையிலும் எளிதில் மாட்டாது. ஆனால் மீன் கடித்ததும் அந்த முனை பிளாஸ்டிக்கைக் கிழித்து வெளியே வந்து, மீனின் தாடையையும் துளைக்க வேண்டும். அதற்கு ஒரு வெடுக்கென்ற இழுப்பு வேண்டும். நாம் வெட்டி இழுக்கும் இழுப்பு கம்பின் வளைவிலேயே கரைந்துபோகாமல் முள்வரை போய்ச் சேர வேண்டும்.

இரண்டாம் வகை, ஒரு தண்டில் மூன்று முனைகள் பிரியும் மும்முள். க்ராங்க்பெய்ட் என்ற, சின்ன மீன் வடிவில் நீருக்குள் நடுங்கி நீந்தும் இரையில் இவை தொங்கும். கம்பி மெல்லியது, முனைகள் வெளியே திறந்திருக்கும். இரை ஓடிக்கொண்டிருக்கும்போதே மீன் வந்து மோதிப் பிடிக்கும். பாஸ் வாயைத் திறக்கும் கணத்தில் தண்ணீரோடு இரையையும் உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். அந்த நேரம் கம்பு விறைப்பாக இருந்தால், இரை வாய்க்குள் போவதற்குமுன் பிடுங்கப்பட்டுவிடும். மாட்டினாலும், மீன் துள்ளித் தலையை உதறும்போது மெல்லிய முள் சதையைக் கிழித்துக்கொண்டு கழன்றுவிடும். இங்கே தேவை விட்டுக்கொடுக்கும் கம்பு.

கம்பின் மேல் பொறித்திருக்கும் ஆக்‌ஷன் என்ற சொல் இதைத்தான் குறிக்கிறது. பாரம் ஏறும்போது கம்பு எந்த இடத்தில் வளைகிறது என்பது அதன் பொருள். ஃபாஸ்ட் என்றால் நுனிப்பகுதி மட்டும் வளைந்து, கீழே விறைப்பாக நிற்கும். மாடரேட் என்றால் வளைவு நடுக்கம்பு வரை இறங்கும். ஒற்றை முள்ளுக்கு ஃபாஸ்ட், மும்முள்ளுக்கு மாடரேட். இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொண்டாலே கடையிலுள்ள கம்புகளில் பாதி கழிந்துவிடும்.

அடுத்தது பவர். கம்பை வளைக்க எவ்வளவு பலம் வேண்டும் என்பதன் அளவு அது. லைட், மீடியம், மீடியம் ஹெவி, ஹெவி, எக்ஸ்ட்ரா ஹெவி என்று ஏறிக்கொண்டே போகும். பெரிய மீன் வேண்டுமானால் பெரிய பவர் என்று பலர் நினைக்கிறார்கள். ஜார்ஜியா மாநிலத்தில் 1932இல் ஜார்ஜ் பெர்ரி பிடித்த உலக சாதனை பாஸ், 22 பவுண்டு 4 அவுன்ஸ், அதாவது சுமார் 10 கிலோ. 2009இல் ஜப்பானின் பீவா ஏரியில் மனாபு குரிடா பிடித்த மீன் அதைவிட ஓர் அவுன்ஸ்கூட முழுதாகக் கூடவில்லை. ஆகவே சாதனை இருவருக்கும் பொது என்று அறிவித்தார்கள். அப்படிப்பட்ட மீன் எல்லாருக்கும் வாய்க்காது. வழக்கமாகத் தூண்டிலில் ஏறுவது ஒன்று, இரண்டு கிலோ மீன்தான். அந்த மீனுக்கு மீடியம் பவரே தாராளம்.

அப்படியானால் ஹெவி கம்புகள் எதற்கு? மீன் ஒளிந்திருக்கும் இடத்துக்காக. ஃப்ளோரிடாவின் ஓக்கிச்சோபி ஏரி ஆழம் குறைந்தது. கோரையும் நீர்ப்பாசியும் மண்டியது. அலபாமாவில் டென்னசி ஆற்றின் குறுக்கே கட்டிய கன்டர்ஸ்வில் நீர்த்தேக்கத்தில் நீர்ச்செடிகள் பாய் விரித்தாற்போல் மேலே படர்ந்து கிடக்கும். அந்தப் பாயின் மேல் பிளாஸ்டிக் தவளையைத் துள்ளவிட்டு, கீழிருந்து பாய்ந்து கவ்வும் மீனை, அது செடிக்குள் தலையைச் செருகுவதற்குள் இழுத்து வெளியே கொண்டுவர வேண்டும். ஒன்றரைக் கிலோ மீனோடு அதைவிடக் கனமான பாசிக் கட்டும் சேர்ந்து வரும். அதற்குத்தான் ஹெவி பவரும், 50 பவுண்டுக்கு மேல் தாங்கும் பின்னல் நரம்பும். திறந்த நீரில் மிதக்கும் இரை போடுகிறவருக்கு அவ்வளவு வலு வேண்டாத சுமை.

பிடிக்குச் சற்று மேலே கம்பில் இன்னும் இரண்டு எண்கள் பொறித்திருப்பார்கள். ஒன்று நரம்பின் பலம், மற்றது இரையின் எடை. நான் முக்கியமாகப் பார்க்கச் சொல்வது இரையின் எடையை. மீடியம் ஹெவி கம்பு ஒன்றில் கால் அவுன்ஸிலிருந்து ஒரு அவுன்ஸ் வரை, அதாவது 7 முதல் 28 கிராம் வரை என்று போட்டிருக்கலாம். இரண்டு ஓரங்களிலும் கம்பு திணறும். நடுவில் உள்ள எடைக்குத்தான் அழகாக வீசும். நீங்கள் அடிக்கடி போடும் இரை அந்த நடுவில் வருகிறதா என்று பாருங்கள். ஜிக்கோடு மாட்டும் பிளாஸ்டிக் வாலுக்கும் எடை உண்டு, அதையும் கூட்டிக்கொள்ளுங்கள். பவர் பெயர்களுக்கு எல்லாத் தயாரிப்பாளருக்கும் பொதுவான தரம் கிடையாது. ஒருவருடைய மீடியம் ஹெவி இன்னொருவருடைய ஹெவியாக இருக்கும். எழுத்தை நம்புவதைவிட எடையை நம்புவது மேல்.

நீளத்துக்கு வருவோம். ஒரு காலத்தில் பாஸ் பிடித்தவர்கள் ஐந்தரை அடிக் குட்டைக் கம்பு வைத்திருந்தார்கள். 1970களில் கலிபோர்னியாவின் டீ தாமஸ், ஏழரை அடிக் கம்பால் நரம்பை ஊசலாட்டி, புதருக்குள் இருக்கும் சின்னச் சந்தில் சத்தமில்லாமல் இரையை இறக்கிக் காட்டினார். அதன் பிறகு நீளக் கம்புகள் பரவின. நீளம் கூடினால் வீச்சுத் தூரம் கூடும்; மீன் கடித்ததும் ஓர் இழுப்பில் அதிக நரம்பு நகரும். குறைந்தால் குறி கூடும். படகுத்துறை மேடைக்கு அடியிலும் தாழ்ந்த கிளைகளுக்கு இடையிலும் வீச வசதி. மிதக்கும் இரையைக் கம்பின் நுனியைக் கீழே சாய்த்து இப்படியும் அப்படியும் ஆட்டி நடத்துகிறவருக்கு ஆறரை அடி போதும். 8 அடிக் கம்பு என்றால் நுனி தண்ணீரில் அடிக்கும். குள்ளமானவர்களும் சிறுவர்களும் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

கம்பு எதனால் ஆனது என்பதும் முக்கியம். முன்பு பிளந்த மூங்கில், பிறகு எஃகு, 1940களின் பிற்பகுதியில் கண்ணாடி இழை. 1973இல் ஃபென்விக் நிறுவனம் கார்பன் இழைக் கம்பை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கார்பன் இலேசானது, விறைப்பானது. அடியில் ஈயக்குண்டு கூழாங்கல்லில் உரசுவதைக்கூடக் கைக்குச் சொல்லிவிடும். புழுவும் ஜிக்கும் போடுகிறவருக்கு இந்த உணர்வுதான் கண். விளம்பரத்தில் வரும், இழையின் விறைப்பைக் குறிக்கும் மாடுலஸ் எண் உயர உயர, அதே விறைப்புக்கு இழை குறைவாகப் போதும். கம்பு மெலியும், தட்டினால் உடையும் சுபாவமும் கூடும். கண்ணாடி இழை கனம் கூடியது, ஆனால் நிதானமாக வளையும். க்ராங்க்பெய்ட்டுக்கு அதுவோ, இரண்டும் கலந்ததோ இன்றும் நல்ல தேர்வு. ஆகவே பணத்தை ஜிக் கம்பில் போடுங்கள். க்ராங்க்பெய்ட் கம்பில் மிச்சம் பிடியுங்கள்.

இப்போதுதான் கம்பைக் கையில் எடுக்க வேண்டும். ரீலைப் பூட்டி எடுங்கள். ரீல் இல்லாத கம்பின் சமநிலை எதையும் சொல்லாது. நுனி கீழே கவிழ்ந்தால் மாலைக்குள் மணிக்கட்டு வலிக்கும். பின்பிடி நீளமாக இருந்து விலாவில் இடித்தால் வேண்டாம். நரம்பை வளையங்களில் கோத்து, நுனியை ஒருவர் இழுக்க, கம்பை வளைத்துப் பாருங்கள். காஸ்டிங் ராடில் நரம்பு மேல்பக்கம் ஓடுவதால், வளையங்கள் போதாவிட்டால் வளைவில் அது கம்பின் மேலேயே உரசும். ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் பஞ்சு சுற்றிய குச்சியை விட்டுத் திருப்புங்கள். பஞ்சு இழை எங்காவது சிக்கினால் அங்கே விரிசல் இருக்கிறது. அது நரம்பை அறுத்துவிடும்.

வாங்கிய கம்பைக் காப்பாற்றுவதும் ஒரு கலை. கம்பு உடைவதற்கு மீனைவிட கார் கதவும் மின்விசிறியுமே பெரிய காரணம். மீனைத் தூக்கும்போது கம்பைச் செங்குத்தாக நிமிர்த்தினால் பாரம் முழுவதும் மெல்லிய நுனியில் ஏறும். வலையோ கையோ வைத்து எடுப்பது நல்லது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். கார்பன் மின்சாரம் கடத்தும். இடி கேட்டால் கம்பைக் கீழே வைத்துவிட்டுக் கரையேறுங்கள். மின்கம்பிக்கு அடியில் வீசவே வீசாதீர்கள்.

கம்பின் வலுவுக்கு மீனின் உயிரோடும் தொடர்பு உண்டு. ரே ஸ்காட் 1972இல், பிடித்த மீனை உயிரோடு திருப்பி விடும் வழக்கத்தைத் தம் போட்டிகளில் கொண்டுவந்தார். இன்று பாஸ் பிடிப்பவர்களில் பெரும்பாலோர் அப்படித்தான் செய்கிறார்கள். இடத்துக்குப் போதாத கம்பால் மீனை நெடுநேரம் ஆட்டி அலைக்கழித்தால், விட்ட பிறகு அது பிழைப்பது கடினம்.

நம் பக்கத்தில் பாஸ் இல்லை. ஆனால் அல்லியும் தாமரையும் மூடிய குளத்தில் விராலுக்குப் பிளாஸ்டிக் தவளை வீசும் இளைஞர்கள் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இருக்கிறார்கள். அவர்களில் பலர் கையில் இருப்பதும் இதே காஸ்டிங் ராட்தான். இலைக் கூட்டம், மேலே தவளை, கீழே பதுங்கிய மீன் என்று நிலைமையும் அதேதான். நான் சொன்ன கணக்கு அவர்களுக்கும் அப்படியே பொருந்தும்.

முதன்முதலாக வாங்குகிறவருக்கு என் தீர்ப்பைச் சொல்லி முடிக்கிறேன். ஒரே ஒரு கம்பு என்றால் 7 அடி, மீடியம் ஹெவி, ஃபாஸ்ட். புழு, ஜிக், ஓரளவு பாசியில் தவளை வரை அது சமாளிக்கும். இரண்டாவதாக வாங்கினால், அதே 7 அடியில் மீடியம் பவர், மாடரேட் ஆக்‌ஷன். அது மும்முள் இரைகளுக்கு. மூன்றாவது கம்பு, முதல் இரண்டும் கைவிடுகிற ஓர் இடத்தை நீங்களே தண்ணீரில் கண்ட பிறகு வாங்க வேண்டியது. கடைக்குப் போகும்போது நீங்கள் அதிகம் போடும் இரையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போங்கள். விற்பவரிடம் விலையைக் கேட்பதற்குமுன் அந்த இரையைக் காட்டி, இதற்கு எந்தக் கம்பு என்று கேளுங்கள்.