மழை பெய்தாலும் பாசறை உண்டு
(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நூற்றாண்டை முன்னிட்டு இன்றைய மாணவிகளை இரண்டு இரவுகள் மலையடிவாரக் குடில்களில் தங்கவைக்கும் யோசனை சங்கத்தில் எழுந்தது. பெற்றோரிடமிருந்து வந்த முதல் கேள்வி, "மழை பெய்தால் என்ன செய்வீர்கள்?" என்பது. இரண்டாவது, "பொம்பளைப் பிள்ளைகளுக்கு இது எதற்கு?" என்பது. இரண்டுக்கும் வைத்தியர் என்ற முறையில் பதில் சொல்லும்படி என்னிடம் கேட்டார்கள்.

முதலில் மழை. இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறது. மே முதல் செப்ரெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடிமழை. மழையே இல்லாத விடுமுறைக்குக் காத்திருந்தால் சப்ரகமுவப் பிள்ளைகள் ஒருநாளும் பாசறைக்குப் போக முடியாது. ஆகவே மழை பெய்யும் என்று வைத்துக்கொண்டுதான் ஆயத்தம் செய்ய வேண்டும்.

கூடாரம் வேண்டாம், குடில் வேண்டும் என்று நான் சொன்னதற்குக் காரணம் இதுதான். காற்றோடு வரும் மழை பக்கவாட்டில் அடிக்கும். கூடாரத்தின் அடியில் தண்ணீர் புகுந்தால் படுக்கையும் மாற்றுடுப்பும் ஒன்றாக நனையும். கூரையும் உயர்ந்த தரையும் உள்ள குடிலில், நனைந்து வந்தவள் காய்ந்த உடுப்புக்கு மாறலாம். பாதி நோய் அங்கேயே தடைப்பட்டுவிடும்.

"எங்கள் ஊரில் குளிரில் யாருக்கு என்ன ஆகும்?" என்று நினைக்காதீர்கள். பொதுவாக 1,000 மீற்றர் உயரம் ஏறினால் வெப்பநிலை ஆறு பாகை அளவில் குறையும். நனைந்த உடுப்பும் காற்றும் சேர்ந்தால் உடம்புச் சூடு வேகமாக இறங்கும். உடல் வெப்பநிலை 35 பாகை செல்சியசுக்குக் கீழே போவது ஆபத்து. நடுங்கிக்கொண்டிருந்த பிள்ளை தடுமாறி நடந்தால், பேச்சுக் குழறினால், மேலும் நடக்க விடக்கூடாது. ஈர உடுப்பைக் களைந்து, துவட்டி, தலையோடு போர்த்தி, நல்ல நினைவோடு இருந்தால் இனிப்புத் தேநீர் கொடுங்கள். கைகால்களைத் தேய்க்க வேண்டாம். நினைவு மங்கினால் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்சை வரவழையுங்கள்.

குடிலுக்கென்றே ஓர் ஆபத்தும் உண்டு. காற்று அடிக்கிறதென்று கதவு, யன்னல் எல்லாவற்றையும் சாத்திவிட்டு, குளிர்காயக் கரி அடுப்பை உள்ளே கொண்டுபோவார்கள். கரி எரியும்போது வரும் காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை, நிறமில்லை. தூங்குகிறவர்கள் எழும்பாமலே போய்விடக்கூடும். நெருப்பு எப்போதும் வெளியே, தாழ்வாரத்துக்கும் அப்பால் இருக்கட்டும். இடி கேட்கும்போது எல்லோரும் உள்ளே வரவேண்டும். கடைசி இடி முழங்கி முப்பது நிமிடம் கழித்தே வெளியே இறங்கலாம்.

அட்டைக்குப் பயப்படும் தாய்மார் அதிகம். அட்டை கடித்த இடத்தில் இரத்தம் கொஞ்ச நேரம் வடியும், அழுத்திப் பிடித்தால் நிற்கும். நான் பயப்படுவது எலிக்காய்ச்சலுக்கு. இரத்தினபுரி, கேகாலை இரண்டும் அது அதிகம் காணப்படும் மாவட்டங்கள். சேற்றிலும் தேங்கிய தண்ணீரிலும் காலில் உள்ள சிறு காயம் வழியாக அந்தக் கிருமி நுழையும். காயத்தை நீர் புகாமல் மூடுங்கள், மூடிய சப்பாத்துப் போடுங்கள். பாசறை முடிந்து ஒரு மாதத்துக்குள் காய்ச்சலும் தசைநோவும் வந்தால், "சேற்றில் நடந்தேன்" என்று வைத்தியரிடம் சொல்லப் பிள்ளைக்குப் பழக்குங்கள். அந்த ஒரு வசனம் சிகிச்சையை நேரத்தோடு தொடங்க வைக்கும்.

இன்னொன்றையும் இந்தச் சபையில் வெளிப்படையாகவே சொல்கிறேன். மாதவிடாய் நாளென்று பல பிள்ளைகள் பெயர் கொடுக்காமலே இருந்துவிடுவார்கள். கூடுதல் துவாய்கள், ஒரு மூடி வாளி, தாழ்ப்பாள் உள்ள கழிவறை, கேட்காமலே கொடுக்கும் ஓர் ஆசிரியை. இவ்வளவும் இருந்தால் எந்தப் பிள்ளையும் பின்தங்க வேண்டியதில்லை.

இனி இரண்டாவது கேள்வி. இலங்கையில் பெண் சாரணியம் 1917இல் கண்டியில் தொடங்கியது. பெண் பிள்ளைகள் வெளியில் தங்கிப் பழகுவது இந்த நாட்டுக்குப் புதிதல்ல. ஆனால் நம் பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது.

2016 மே 17ஆம் திகதியை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அரநாயக்காவில் மலை சரிந்து கிராமங்களை மூடியது. அதே நாட்களில் புளத்கொஹுபிட்டியவின் களுபஹன தோட்டத்தில் லயக் குடும்பங்களையும் மண் கொண்டுபோனது. நம் மாணவிகளில் பலர் இன்றும் அப்படிப்பட்ட சரிவுகளின் கீழேதான் படுத்து எழும்புகிறார்கள். பாசறைக்குப் போகாவிட்டாலும் மழையும் காற்றும் மண்ணும் அவர்கள் வாசலுக்கே வரும். அப்போது என்ன செய்வதென்று பழக்குவதற்குப் பாசறையைவிட நல்ல வகுப்பறை எனக்குத் தெரியவில்லை.

அங்கே ஒவ்வொரு குழுவும் நேரான பக்கமுள்ள ஒரு தகரப் பேணியைத் திறந்தவெளியில் வைக்கட்டும். காலையில் அடிமட்டத்தால் தண்ணீரின் ஆழத்தை அளக்கட்டும். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டி மழை தொடர்ந்தால் விழிப்பு, 100ஐத் தாண்டினால் வெளியேறத் தயார், 150ஐத் தாண்டினால் உடனே வெளியேற்றம். இது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வைத்திருக்கும் அளவு. நிலத்தில் புதிய வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரெனக் கலங்கும் ஊற்று, இவற்றைப் பார்க்கவும் பழக்குவோம். பையைக் கட்டி, தலையை எண்ணி, இருட்டில் வரிசையாக இறங்கும் பயிற்சியையும் ஒருமுறை செய்வோம். பாசறையில் பேணி வைத்தவள் வீட்டு முற்றத்திலும் வைப்பாள். அப்பா, அம்மா கொழுந்து மலையிலோ இறப்பர் மலையிலோ நிற்கும்போது, தம்பி தங்கையைக் கூட்டிக்கொண்டு இறங்க வேண்டியவள் அவளாக இருக்கலாம்.

ஒரு நிபந்தனை. அந்தப் பிரதேசத்துக்கு மண்சரிவு எச்சரிக்கை ஒன்று, எந்த மட்டத்தில் வந்திருந்தாலும், பாசறை கிடையாது. வாகனத்துக்குக் காசு கட்டியாயிற்று என்ற பேச்சே எழக்கூடாது. போன பிறகு எச்சரிக்கை வந்தால், பாதை பாதுகாப்பாக உள்ளதா என்று 117இல் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தைக் கேட்டு, அவர்கள் சொல்லும் இடத்துக்கு வெளிச்சம் இருக்கும்போதே இறங்கிவிட வேண்டும். ஆற்றங்கரைக் குடில் வேண்டாம். மேலே மழை பெய்தால் கீழே வானம் தெளிவாக இருக்கும்போதே ஆறு பெருகும்.

வெளிநாடுகளில் இருக்கும் அக்காமாரும் தங்கைமாரும், "நூற்றாண்டுக்கு என்ன அனுப்பலாம்?" என்று கேட்கிறார்கள். பிள்ளைக்கு ஒரு மழைக் கோட்டும் ஒரு டோர்ச்சும் அனுப்புங்கள். இங்கே இருப்பவர்கள் இரண்டு இரவுகள் பிள்ளைகளோடு வந்து தங்குங்கள். "எங்கள் மகளை அனுப்பலாமா?" என்று தயங்கும் ஒரு தாய்க்கு, இதே பாடசாலையில் படித்த ஒருத்தி பக்கத்தில் இருக்கிறாள் என்ற செய்தியே போதும்.