கசடு எங்கே போகிறது?
(சங்கப் பொதுக்குழுவில் பேசியதன் எழுத்து வடிவம்)



சேலத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளும் முலாம் பூசும் பட்டறைகளும் இருக்கின்றன. குமாரபாளையம், பள்ளிபாளையத்தில் சாயப்பட்டறைகள். பல குடும்பங்களுக்கு இவைதான் சோறு போடுகின்றன. மூடச் சொல்லி நான் பேச வரவில்லை. ஒரு கேள்வி கேட்கப் பழகுவோம் என்றுதான் சொல்கிறேன்.

வீட்டுச் சாக்கடைக் கழிவை நுண்ணுயிர்கள் தின்று தீர்த்துவிடும். செம்பு, நிக்கல், குரோமியம், ஈயம் அப்படி அழியாது. கொதிக்க வைத்தாலும் தண்ணீர்தான் ஆவியாகும்; உலோகம் பாத்திரத்திலேயே தங்கும்.

முலாம் பட்டறைக் கழிவில் வரும் ஆறு இணைதிறன் குரோமியம் தண்ணீரில் கரைந்தே இருக்கும், புற்றுநோய் தரக்கூடியது. அமிலம் விட்டு, சோடியம் பைசல்பைட் சேர்த்தால் நச்சுக் குறைந்த வடிவத்துக்கு மாறும். பிறகு சுண்ணாம்பு போட்டால் கசடாக அடியில் படியும். மிச்சத்தை ஆர்.ஓ. சவ்வு பிடிக்கும்.

தண்ணீர் தெளிந்துவிட்டது, கணக்கு முடிந்ததா? வங்கியில் ஒரு பக்கம் பற்று எழுதினால் மறுபக்கம் வரவு வந்தே தீரும். தண்ணீரில் குறைந்த உலோகம் கசடில் வரவாகியிருக்கிறது. அதை ஓடையோரம் கொட்டினால், அடுத்த மழையில் திருமணிமுத்தாற்றில் இறங்கி, நாமக்கல் மாவட்டம் வழியே காவிரிக்குப் போகும்.

ராணிப்பேட்டையைப் பாருங்கள். குரோமேட் தொழிற்சாலை மூடிப் பல ஆண்டுகள் ஆகியும், அது குவித்துவிட்டுப் போன 2 லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்தது. குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. அதாவது, ஒரு கிராம் போதும், 20,000 லிட்டரை அந்த எல்லைக்குக் கொண்டுவர.

2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி, கசடைப் பொதுவாக 90 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. லாரியில் அனுப்பும்போது படிவம் 10 நிரப்ப வேண்டும்.

ஆகவே, "சுத்திகரிப்பு நிலையம் வைத்திருக்கிறோம்" என்று யாராவது சொன்னால், கசடு எத்தனை கிலோ, எப்போது, எங்கே போனது என்று கேளுங்கள். உலோகக் கழிவைச் சுத்திகரித்தால் கசடு சேராமல் இருக்காது. கசடே இல்லை என்றால், இயந்திரம் ஓடவில்லை என்றுதான் பொருள்.

கிணற்று நீரைப் பரிசோதனைக்குக் கொடுப்பவர்கள் ஈயம், குரோமியம் என்று பெயர் குறிப்பிட்டுக் கேளுங்கள். டி.டி.எஸ். மீட்டர் உப்பின் மொத்த அளவைக் காட்டும்; எந்த உலோகம் என்று சொல்லாது.