தமிழ் கேட்டால் தமிழில் பதில்!

(தொழிற்சங்கக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)

பஞ்சாலையிலும் வயலிலும் பாடுபடும் நீங்கள் இங்கே கூடியிருக்கிறீர்கள். கம்ப்யூட்டர் வேலை கற்ற வாலிபர்களும் வந்திருக்கிறார்கள். இரு சாராருக்கும் பொதுவான ஒரு விஷயத்தைச் சொல்கிறேன்.

அமைப்புசாராத் தொழிலாளரின் பெயரைப் பதிவு செய்ய மத்திய சர்க்கார் 2021 ஆகஸ்டில் இ-ஷ்ரம் இணையதளத்தைத் திறந்தது. அது தமிழ் உட்பட 22 மொழிகளில் கிடைக்க 2025 ஜனவரி வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. மொழி வந்துவிட்டால் மட்டும் போதுமா? போதாது. எத்தனையோ தளங்களில் தமிழ் இருக்கிறது. ஆனால் ஒரு மூலையில் ஒளிந்திருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க முதலில் இங்கிலீஷ் படிக்க வேண்டும்! பெட்டிக்குள் சாவியை வைத்துப் பூட்டிய கதைதான்.

இந்த அவஸ்தை தேவையே இல்லை. நமக்கு வேண்டிய மொழி எது என்பதை நம் போனிலுள்ள பிரவுசர் ஒவ்வொரு தடவையும் சொல்லிக்கொண்டே இருக்கிறது. பக்கத்தைக் கேட்டு அது அனுப்பும் சீட்டில் 'அக்செப்ட்-லாங்வேஜ்' என்று ஒரு வரி உண்டு. "முதலில் இந்தியத் தமிழ், அது இல்லாவிட்டால் பொதுத் தமிழ், 0.9, அதுவும் இல்லாவிட்டால் இங்கிலீஷ், 0.8" என்று அது வரிசை கூறலாம். எண் போடாவிட்டால் 1 என்று அர்த்தம். 0 போட்டால் அந்த மொழி வேண்டாம் என்று அர்த்தம். 1997ல் வெளியான எச்.டி.டி.பி. 1.1 விதிகளிலேயே இது இருக்கிறது. சீட்டு வருகிறது, படிப்பார்தான் இல்லை!

வாலிபத் தோழர்களே! நீங்கள் செய்ய வேண்டியது நான்கு.

ஒன்று: அந்த வரியைப் படித்து, எண்படி வரிசைப்படுத்தி, உங்களிடமுள்ள மொழிகளோடு ஒப்பிடுங்கள். இந்தியத் தமிழ் கேட்டு, பொதுத் தமிழ்தான் இருக்கிறதென்றால் அதையே கொடுங்கள். இங்கிலீஷுக்குத் தாவாதீர்கள்.

இரண்டு: கடையில் வாங்கிய போன் இங்கிலீஷிலேயே கிடக்கலாம். ஆகவே மொழியை மாற்றும் பொத்தான் கண்ணெதிரே இருக்கட்டும். 'தமிழ்' என்பது தமிழ் எழுத்திலேயே இருக்கட்டும். ஆள் தன் கையால் தேர்ந்தெடுத்தால் அதுவே முடிவு. குக்கீயில் பதிந்து வைத்து, அடுத்த முறையும் அதையே கொடுங்கள்.

மூன்று: ஊரைப் பார்த்து மொழியை ஊகிக்காதீர்கள். திருப்பூரில் பனியன் தைக்கும் ஒடிசாத் தோழருக்கு ஒடியா வேண்டும்.

நான்கு: பதிலோடு 'வேரி: அக்செப்ட்-லாங்வேஜ்' என்ற குறிப்பை அனுப்புங்கள். இல்லாவிட்டால் இடையில் பிரதி வைத்திருக்கும் இயந்திரம், அவருக்குப் போன ஒடியாப் பக்கத்தையே உங்களுக்கும் நீட்டிவிடும்.

உழைக்கும் தோழர்களே! உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. பிரவுசரின் அமைப்புகளில் மொழிப் பட்டியல் இருக்கிறது. அதில் தமிழை முதலிடத்தில் வையுங்கள். தெரியாதவருக்குத் தெரிந்தவர் செய்து கொடுங்கள். அதற்குப் பிறகும் தமிழ் வைத்திருக்கும் தளம் இங்கிலீஷிலேயே திறந்தால், குறை உங்களுடையதல்ல. மாற்றச் சொல்லிக் கேளுங்கள்.

இது சில்லறை விஷயமா? அல்ல. பி.எப். கணக்கும், கூலிப் பட்டியலும், நஷ்டஈட்டு மனுவும் இன்று போனுக்குள் வந்துவிட்டன. புரியாமல் 'சம்மதம்' என்ற பொத்தானை அழுத்துவது, படித்துக் காட்டாத பத்திரத்தில் கைநாட்டு வைப்பதற்குச் சமம். நம் பெரியவர்கள் அப்படிக் கைநாட்டு வைத்து நிலத்தை இழந்தார்கள். நாம் படித்துவிட்டே அழுத்துவோம்!