கோலும் பதிவேடும்



இந்த மாநாட்டுக்குத் தலைமை வகிக்குமாறு என்னைப் பணித்து எழுதிய கடிதம் கைக்கு வந்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சிக்குக் குறையாத அச்சமும் உடன் உண்டாயிற்று. போர்த்துகலின் சரித்திரத்தையும் பாஷையையும் வாழ்நாளெல்லாம் பயின்ற பெரியோர் பலர் எதிரே வீற்றிருக்க, அவர்களுக்குத் தெரியாத ஒன்றை எடுத்துரைக்க வல்லேன் என்ற எண்ணத்தோடு நான் இங்கு வரவில்லை. அவர்கள் அறிந்தும் ஒதுக்கி வைத்த ஒன்றை மறுபடியும் அவர்கள் முன் வைக்கலாம் என்ற துணிவோடுதான் வந்திருக்கிறேன். இக்கௌரவத்தை எனக்கு அளித்தவர்களுக்கு என் மனமார்ந்த வந்தனம்.

'போர்த்துகலின் நிலமும் நாட்டார் மரபும்' என்பது மாநாட்டின் பொதுப்பொருள். அட்லாண்டிக் மழையில் நனைந்து பசுமை மாறாத வடமேற்கு மின்யோ, அதற்குக் கிழக்கே மலைத்தொடர்களுக்கு அப்பால் நீண்ட பனிக்காலமும் கடுங்கோடையும் மாறி மாறி வரும் திராஸ்-ஓஸ்-மோந்தெஸ், தெற்கே கார்க்கு ஓக் மரங்களும் கோதுமை வயல்களும் பரந்து கிடக்கும் அலென்தெழோ என்னும் இம்மூவகை நிலத்தையும், அவற்றுக்கேற்ப வேறுபட்ட வாழ்க்கை முறைகளையும் ஒர்லாந்தோ ரிபெய்ரோ 1945-இல் வெளியிட்ட நூலில் விளக்கியிருப்பதை இச்சபையோர் நன்கு அறிவர். லிஸ்பனின் ஃபாதோ இசை 2011-இலும், அலென்தெழோவில் ஆடவரும் பெண்டிரும் வாத்தியமின்றிக் கூட்டமாகப் பாடும் கான்தெ 2014-இலும், பொதென்செ கிராமத்தில் வண்ணக் குஞ்சங்கள் தொங்கும் உடையும் முகமூடியும் அணிந்து இடுப்பில் மணிகள் ஒலிக்க இளைஞர் ஓடித் திரியும் பனிக்கால இறுதி விழா 2019-இலும் யுனெஸ்கோவின் பட்டியலில் இடம்பெற்றதும் அவர்களுக்குப் புதிதன்று. இவற்றைக் குறித்துத் தனித்தனிக் கட்டுரைகள் படிக்கப்பட இருப்பதால் அவற்றை விரிப்பது என் வேலையன்று.

தமிழ்நாட்டில் போர்த்துகல் என்றாலே நமக்கு நினைவுக்கு வருவன கப்பலும் கோட்டையும் கடற்கரையுமே. நம்முடைய சரித்திர ஆசிரியர்களும் அந்தக் கரையை விட்டு உள்நாட்டுக்குள் அதிகமாகச் செல்லவில்லை. ஆயினும் 1554-இல் லிஸ்பனில் ரோம லிபியில் தமிழ் மொழி முதன்முதலாக அச்சேறிய சிறு ஞானோபதேச நூலின் பிரதி எங்கே பேணப்பட்டு வந்தது? பெலெம் பகுதியில் லெய்த்தெ தெ வாஷ்கொன்செலோஸ் நிறுவிய பொருட்காட்சிச் சாலையில். உழவரின் கலப்பையையும் தாயத்தையும் பழங்காலக் கல்வெட்டையும் ஒரே கூரையின்கீழ்ச் சேர்த்து வைத்த அந்தப் பெருமகன் 1858-இல் உக்கான்யா என்னும் சிற்றூரில் பிறந்து, வைத்தியம் பயின்று, வைத்தியத்தை விட்டு ஜனங்களின் பேச்சையும் நம்பிக்கைகளையும் தொகுப்பதற்கே தம்மை ஒப்புக்கொடுத்தவர். 1882-இல் மிராந்தா வட்டாரப் பேச்சைத் தனி மொழியாக அவர் அறிமுகப்படுத்தினார். அம்மொழிக்குச் சட்டத்தின் அங்கீகாரம் கிடைத்தது 1999-இல். ஓர் அறிஞனின் சொல்லுக்கு அரசாங்கம் செவிசாய்க்க நூற்றுப் பதினேழு ஆண்டுகள் ஆயின என்பதை இங்குள்ள இளைஞர்கள் நினைவில் வைத்துக்கொள்வார்களாக.

இனி நான் பேச விரும்பிய விஷயத்துக்கு வருகிறேன். அது போர்த்துகலின் வடகோடி மலைக்கிராமங்களின் கூட்டு வாழ்க்கையைப் பற்றிய பழைய வழக்கு. ரோஷா பெய்ஷோத்தோ 1908-இல் இதைப் பற்றி எழுதினார். அவருக்குப் பின் ஜோர்ஜ் தியாஸ் ஜெரேஸ் மலைப்பகுதியிலுள்ள விலாரின்யோ த ஃபுர்னாவைப் பற்றி 1948-இலும், ஸ்பெயின் எல்லையில் நிற்கும் ரியோ தெ ஒனோரைப் பற்றி 1953-இலும் இரண்டு பெரு நூல்களை வெளியிட்டார். முதலாவது கிராமம் 1970-களின் தொடக்கத்தில் அணையின் நீரில் மூழ்கிவிட்டது. நீர்மட்டம் தாழும் ஆண்டுகளில் கூரையற்ற கற்சுவர்கள் வெளியே தெரிகின்றன. ஆகவே நமக்கு எஞ்சியிருப்பது தியாஸின் நூலும், அவ்வூர் மக்கள் அகன்று சென்றபோது தம்மோடு எடுத்துச்சென்ற நினைவும்தான்.

ரியோ தெ ஒனோரோ இன்னும் இருக்கிறது. ஒரே ஊரை அரசியல் எல்லை இரண்டாக வகுத்து, மேற்பகுதியை ஸ்பெயினுக்கும் கீழ்ப்பகுதியைப் போர்த்துகலுக்கும் கொடுத்திருக்கிறது. பலகைக்கல் வேய்ந்த வீடுகளில் மாடுகள் கீழ்த்தளத்திலும் மனிதர் மேல்தளத்திலும் வாழ்ந்தனர். ரொட்டியடுப்பு, ஆலை, கொல்லுலை, பொலிகாளை, ஆற்றோரப் புல்வெளி ஆகியவை ஊருக்குப் பொதுவாயிருந்தன. ஆண்டுதோறும் மாறும் இரண்டு நாட்டாண்மைக்காரர்கள் ஊர்ச்சபையைக் கூட்டுவார்கள். அவர்கள் கையில் ஒரு மரக்கோல் இருக்கும்; அக்கோலில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் இடம் உண்டு. பொதுவேலைக்கு வராதவன், தன் மாட்டைப் பிறர் முறை நாளில் புல்வெளிக்குள் விட்டவன், சபைக்குத் தாமதித்து வந்தவன் என ஒவ்வொருவர் குற்றத்துக்கும் அவரவர் வீட்டுக்குரிய இடத்தில் கத்தியால் ஒரு வெட்டு விழும். கோல் நிறைந்தபின் கணக்குப் பார்த்து, அபராதம் திராட்சை மதுவாக வசூலிக்கப்பட்டு, சபையோர் அனைவரும் கூடி அதனைப் பருகுவர். குற்றம் செய்தவனும் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்து தன் அபராதத்தைத் தானும் அருந்துவான். எழுத்தறியாத மக்கள் வகுத்துக்கொண்ட தண்டநீதியில் இத்தனை நுட்பமும் இத்தனை மனிதத்தன்மையும் ஒருங்கே அமைந்ததை நான் வேறெங்கும் படித்ததில்லை.

இந்தக் கிராமங்களைத் தொன்மையான ஒரு சமத்துவ சமுதாயத்தின் எச்சங்கள் என்று தியாஸ் எடுத்துக்காட்டினார். பின்வந்தவர்கள் அதைக் கண்டித்தார்கள். 1984-இல் பிரயன் ஓநீல் திராஸ்-ஓஸ்-மோந்தெஸில் புனைபெயரிட்டு மறைத்த ஒரு சிற்றூரின் ஞானஸ்நான, விவாகப் பதிவேடுகளை ஆராய்ந்து, அங்கே பெருநிலக்காரர், உழவர், கூலிப்பெண்கள் என்ற படிநிலை வெகு காலமாக நிலவியதையும், பெற்றோர் இறந்தபின்பே நிலம் பங்கிடப்பட்டதால் விவாகங்கள் தள்ளிப்போடப்பட்டதையும், தகப்பன் பெயரின்றிப் பிறந்த குழந்தைகள் அவ்வூரில் எத்தனை பேர் என்பதையும் வெளிப்படுத்தினார். 1996-இல் ஜோவாகிம் பாய்ஸ் தெ பிரிட்டோ மறுபடியும் ரியோ தெ ஒனோருக்கே சென்று அவ்வூரைப் புதிதாக எழுதினார். இவற்றுக்குப் பிறகு, தியாஸைப் பற்றிப் பேசுவதே பத்தாம்பசலித்தனம் என்ற அபிப்பிராயம் நம்மவர் சிலரிடையேயும் வேரூன்றிவிட்டது.

சில ஆண்டுகளுக்கு முன்பு இது போன்ற ஒரு கூட்டத்தில் நான் மிக மதிக்கும் ஓர் அறிஞர், சலாசாரின் ஆட்சிக்கு உகந்த அழகிய கிராமச் சித்திரத்தையே தியாஸ் தீட்டிக் கொடுத்தார் என்று கூறினார். அன்று நேரமில்லாமையால் விடை சொல்ல இயலவில்லை. இன்று பணிவோடு சொல்கிறேன். 1938-இல் அரசாங்கத்தின் பிரசார இலாகா 'போர்த்துகலின் மிகப் போர்த்துகீசியமான கிராமம்' எதுவென்று ஒரு போட்டி வைத்து மொன்சாந்தோ என்னும் ஊருக்கு வெள்ளிச் சேவலைப் பரிசளித்தது உண்மை. அந்தச் சித்திரத்தில் கிராமம் பாடும், ஆடும், கூம்பிய கையோடு நிற்கும். தன்னைத் தானே ஆளாது. தியாஸ் காட்டிய கிராமமோ லிஸ்பனிலிருந்து எந்த அதிகாரியையும் எதிர்பாராமல் தன் வழக்கைத் தானே தீர்த்துக்கொள்கிறது. தலைவனை ஆண்டுக்கொரு முறை மாற்றுகிறது. தலைவனையே தண்டிக்கவும் செய்கிறது. மேலிருந்து கட்டளை பிறக்க வேண்டும் என்று நம்பிய ஓர் ஆட்சிக்கு இது எவ்விதத்தில் துதியாகும்? தியாஸின் மீது குறை காண இடமுண்டு; ஆனால் அது இந்த இடமன்று.

அவருடைய குறை 'தொன்மை' என்ற சொல்லை எளிதில் கைக்கொண்டதே. வடபோர்த்துகலில் எதைக் கண்டாலும் ரோமர் காலத்துக்கோ அதற்கும் முன்னோ கொண்டுபோய்ச் சேர்ப்பது நம் துறையில் தீராத ஒரு பழக்கமாகிவிட்டது. பொதென்செயின் முகமூடிகளைப் பற்றியும் மிராந்தாவின் கோல்நடனத்தைப் பற்றியும் இன்று படிக்கப்படவுள்ள கட்டுரைகளின் சுருக்கங்களிலும் அதைக் கண்டேன். மின்யோவில் மக்காச்சோளக் கதிர் உரிக்கும் இரவில் சிவந்த கதிரைக் கண்டெடுத்தவர் அங்குள்ளோர் அனைவரையும் தழுவிக்கொள்ளும் உரிமை பெறுவார் என்ற வழக்கத்தைப் பார்த்து, அது வளமைத் தெய்வ வழிபாட்டின் எச்சம் என எழுதியவர்கள் உண்டு. மக்காச்சோளம் அமெரிக்காவிலிருந்து வந்த பயிர். அது அங்கு வேரூன்றியது பதினாறாம் நூற்றாண்டில். சொவாஜோவில் ஒரே பாறைத்தளத்தின் மேல் கற்கால்களின்மீது நிற்கும் இருபத்து நான்கு சோளக் குதிர்களைக் காண்போர் அவற்றைப் புராதனச் சமாதிகள் என்றே முதலில் மயங்குவர். அவற்றுள் மிகப் பழையது தாங்கும் ஆண்டு 1782. ஒரு வழக்கம் இருநூறு ஆண்டுகளில் முதிர்ந்து விளைந்ததாயின் அதன் மதிப்பு குறைந்துவிடுமா? அந்த மக்களின் புத்தி அதில் அதிகமாகவே வெளிப்படுகிறது என்பேன்.

அப்படியானால் இந்தக் கூட்டு வாழ்க்கையின் வயதையும் உட்பொருளையும் எந்தப் பிரமாணத்தால் அறிவது? நாம் அலட்சியம் செய்துவரும் ஓர் ஆதாரம் இருக்கிறது. 1755 நவம்பர் முதல் தேதி லிஸ்பனைத் தகர்த்த பூகம்பத்துக்குப் பின்னர், 1758-இல், பின்னாளில் பொம்பால் பிரபுவாக உயர்ந்த மந்திரியின் ஆணைப்படி, லூயிஸ் கார்தோசோ பாதிரியார் வகுத்த அறுபது கேள்விகள் நாட்டின் எல்லாப் பங்குத்தந்தையருக்கும் அனுப்பப்பட்டன. ஊரைப் பற்றி 27, மலையைப் பற்றி 13, ஆற்றைப் பற்றி 20. அக்கேள்விகளைப் படிக்கும்போதே எனக்கு வியப்பு மேலிடுகிறது. உங்கள் ஊர்ச் சிற்றாலயங்களுக்கு யாத்திரிகர் வருவதுண்டா, எந்த நாட்களில்? ஆற்று மணலில் எக்காலத்திலேனும் பொன் எடுத்ததுண்டா? ஜனங்கள் ஆற்றுநீரைத் தம் வயல்களுக்குத் தடையின்றி எடுத்துக்கொள்கிறார்களா, ஏதேனும் வரி செலுத்துகிறார்களா? பூகம்பத்தில் இடிந்தவை யாவை, பழுதுபார்த்தாயிற்றா? வந்து சேர்ந்த விடைகள் நாற்பத்து நான்கு தொகுதிகளாக லிஸ்பனின் தோரே தோ தொம்போ ஆவணக் களஞ்சியத்தில் இருக்கின்றன.

இந்த விடைகள் ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதியவை, பாதிரியார்கள் சோம்பலாக ஒப்பேற்றியவை, ஆகவே நாட்டார் வழக்காற்றியலுக்கு உதவா என்று ஒரு மூத்த அறிஞர் எழுதியதை அநேகர் மேற்கோளாக எடுத்தாள்கிறார்கள். அவருடைய பாண்டித்தியத்துக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் இரண்டே வரியில் விடை சொன்னவரும் உண்டு, பக்கம் பக்கமாக எழுதியவரும் உண்டு என்பதாலேயே முழுத்தொகுதியையும் தள்ளிவிடுவது, ஏட்டில் பாதி செல்லரித்ததென்று மீதிப் பாதியையும் ஆற்றில் விடுவது போலாகும். மின்யோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜொசே விரியாத்தோ காப்பெலா தம் குழுவினரோடு மாவட்டம் மாவட்டமாக இவ்விடைகளைப் பதிப்பித்துக் கொடுத்தபின், கிடைக்கவில்லை என்று சொல்வதற்கும் நமக்கு வழியில்லை.

ஊரைப் பற்றிய கேள்விகளில் ஒன்று என் வாதத்துக்கு ஆணிவேர். ஊரில் எத்தனை குடிகள், எத்தனை ஆட்கள் என்று அது இரண்டு எண்களைக் கேட்கிறது. குடி என்பது அடுப்பும் சபையில் ஒரு குரலும் உடையது. ஆள் என்பது ஞானஸ்நானம் பெற்று உயிரோடு இருப்பவர் எவரும். ரியோ தெ ஒனோரின் கோலில் வெட்டப்பட்டவை முதல் எண்ணைச் சேர்ந்தவை. ஓநீல் புரட்டிய பதிவேடு இரண்டாம் எண்ணைச் சேர்ந்தது. தியாஸ் வீடுகளுக்கிடையே நிலவிய சமத்துவத்தைக் கண்டார், அது மெய். ஓநீல் மனிதர்களுக்கிடையே நிலவிய ஏற்றத்தாழ்வைக் கண்டார், அதுவும் மெய். ஒருவரைக் கொண்டு மற்றவரை வீழ்த்த நினைப்பவர்கள் இருவரும் வெவ்வேறு பொருள்களை எண்ணினார்கள் என்பதைக் கவனிக்கவில்லை. புல்வெளியும் பொலிகாளையும் ரொட்டியடுப்பும் வீட்டுக்கு வீடு ஒப்பப் பங்கிடப்பட்டன. அந்தப் பங்கைக் குலையாமல் காக்க வேண்டுமாயின் வீடுகளின் தொகை பெருகலாகாது. தொகை பெருகாதிருக்க வேண்டுமாயின் சிலர் மணமின்றிக் காலங்கழிக்க வேண்டும். ஆகவே சபையின் சமத்துவமே கூலிப்பெண்ணின் தனிமைக்கும் காரணமாயிற்று என்று நான் கருதுகிறேன். சொந்தமாக அடுப்பில்லாதவளுக்குக் கோலில் இடமில்லை. அவளுக்கு அபராதமும் இல்லை, அபராத மதுவும் இல்லை.

இது என் அனுமானம். இதைச் சோதிப்பதற்குப் புதிய பயணமோ பெரும் பொருட்செலவோ வேண்டியதில்லை. ப்ரகான்சா மாவட்டத்துப் பங்குகள் அனைத்திலும் 1758-இன் இரண்டு எண்களையும் அடுத்தடுத்து வைத்து, பொதுப் புல்வெளியும் முறைநீரும் சொல்லப்படும் ஊர்களில் ஒரு குடிக்கு எத்தனை ஆட்கள், அவை சொல்லப்படாத ஊர்களில் எத்தனை என்று ஒப்பிட்டுப் பார்ப்பதே முதல் வேலை. அவ்வவ்வூர் ஞானஸ்நானப் பதிவேடுகளில் அதே தலைமுறையில் தகப்பன் பெயரின்றி எழுதப்பட்ட குழந்தைகளை எண்ணுவது இரண்டாவது. இந்த இரண்டையும் இளைஞர் இருவர் மேற்கொள்ள இம்மாநாடு தீர்மானம் நிறைவேற்றி உதவ வேண்டுமென வேண்டுகிறேன்.

பிற்பகல் அமர்வில் பேசவிருக்கும் நண்பர் கூட்டு வாழ்க்கை என்பதே ஆராய்ச்சியாளரின் கற்பனை என்று வாதிக்கப் போவதாக அவருடைய கட்டுரைச் சுருக்கத்திலிருந்து தெரிகிறது. அவருடைய வாதத்தைக் கேட்க ஆவலாயிருக்கிறேன். அதற்கு முன் ஒரு கேள்வியை மட்டும் அவரிடம் ஒப்படைக்கிறேன்: கூட்டு வாழ்க்கை கற்பனையாயின், ஒவ்வொரு வீட்டுக்கும் இடம் ஒதுக்கி அந்தக் கோலில் அத்தனை வெட்டுகளை வெட்டியவர்கள் எதைக் காப்பதற்காக ஒருவரையொருவர் தண்டித்துக்கொண்டார்கள்?