நுரை நிற்கும் காபி



சவ்வாது மலையின் வேலூர்ப் பக்கத்து அடிவாரத்தில் இருக்கிறது அமிர்தி. வேலூரிலிருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டர். அருவியையும் காட்டையும் சிறிய வன உயிரியல் பூங்காவையும் பார்க்க ஞாயிற்றுக்கிழமைகளில் ஜனம் வரும். இந்த அடிவாரத்து ஊர்களில் மாடு வைத்திருக்கும் வீடுகள் உண்டு. விடியற்காலையில் கறந்த பால் கேனில் ஏறி சொசைட்டிக்குப் போகிறது. அங்கே லாக்டோமீட்டரை மிதக்கவிட்டுத் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் எடுத்துக்கொள்வார்கள். அவ்வளவு நல்ல பால் வாசலிலேயே கறக்கிற வீட்டிலும், காபி என்று வந்தால் இன்ஸ்டன்ட் தூளைக் கரண்டியால் கலக்கி, ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்துபோகிறோம். இதற்கு என் மனசு ஆறவில்லை. அந்தப் பாலுக்கு உரிய காபியை வீட்டிலேயே போடலாம். மெஷின் வேண்டாம், பெரிய செலவும் இல்லை.

நல்ல காபி என்றால் மேலே நுரை நிற்க வேண்டும். எழும்பினால் போதாது, பாதி டம்ளர் குடிக்கும் வரை நிற்க வேண்டும். அப்படி நின்றால் பால், சூடு, ஆற்றிய கை மூன்றும் சரியாக அமைந்தன என்று பொருள்.

முதலில் பால். பாலை உயரத்திலிருந்து ஊற்றும்போது அந்தத் தாரை காற்றையும் இழுத்துக்கொண்டு உள்ளே போகிறது. பாலில் உள்ள புரதம் அந்தக் காற்றை மெல்லிய படலமாகச் சுற்றிக்கொள்கிறது. நுரை என்பது அவ்வளவுதான். தண்ணீர் கலந்த பாலில் புரதம் குறைந்துபோவதால் படலத்துக்குப் பலம் இருக்காது. நுரை வரும், உட்கார்ந்துவிடும். பழைய பாலிலும் இதேதான் நடக்கும். பாலில் உள்ள கொழுப்பு சிதையத் தொடங்கினால் அதிலிருந்து பிரியும் அமிலங்கள் குமிழிகளை உடைத்துவிடுகின்றன. பால் கட்டுப்படியாகாது என்றால் காபியின் அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள், பாலில் தண்ணீர் மட்டும் சேர்க்காதீர்கள். கும்பகோணத்துக் காபி கிளப்புகள் பேர் வாங்கியதே கலப்பில்லாத பசும்பாலால்தான்.

பாக்கெட் பால் வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆவின் நீல பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம், ஆரஞ்சு பாக்கெட்டில் 6 சதவீதம். கொழுப்பு கூடினால் நுரை கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். கொழுப்பு நாக்குக்குக் கனம் தரும், நுரையைத் தருவது புரதம். நுரைக்கு நீல பாக்கெட்டே போதும்.

கறந்த பாலைக் காய்ச்சாமல் குடிக்கக் கூடாது, அதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை. பொங்கி எழுந்ததும் தீயைக் குறைத்து ஒன்றிரண்டு நிமிடம் வைத்து இறக்கிவிடுங்கள். காலை முழுவதும் அடுப்பில் சுண்டவிட்ட பாலில் காபி போட்டால் பால் வாசனைதான் முன்னால் நிற்கும். ஆடை படிந்திருந்தால் வடிகட்டிவிடுங்கள். ஆடைத் துணுக்கு டம்ளரில் விழுந்தால் நுரை அந்த இடத்திலிருந்து கிழிய ஆரம்பிக்கும்.

அடுத்தது டிகாக்‌ஷன். கீழ்ப் பாத்திரம், துளை போட்ட மேல் பாத்திரம், தண்டு வைத்த அமுக்குத் தட்டு, மூடி. நம் ஃபில்டர் இவ்வளவு எளிமையானது. இரண்டு பேருக்கு மூன்று மேசைக்கரண்டி தூள் போதும். தூளைச் சமமாகப் பரப்பித் தட்டால் லேசாக அழுத்துங்கள். இறுக்கினால் சொட்டாது, தளரவிட்டால் தண்ணீர் ஓடிவிடும். பிறகு முக்கால் டம்ளர் வெந்நீரைச் சுற்றி ஊற்றி மூடிவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். கால் மணி நேரத்திலிருந்து இருபது நிமிடம் ஆகும். கள்ளிச்சொட்டு மாதிரி இறங்கும். அவசரத்துக்கு மூடியைத் திறந்து தட்டிவிடும் பழக்கம் வேண்டாம், தூள் கலங்கி வண்டலாக இறங்கிவிடும்.

வெந்நீரின் சூட்டில் மலைக்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர் ஏற ஏற, தண்ணீர் கொதிக்கும் சூடு ஏறத்தாழ 1 டிகிரி குறையும். அமிர்திக்கு மேலே சவ்வாது மலை ஊர்களில் 97 டிகிரிக்குப் பக்கத்திலேயே தண்ணீர் கொதித்துவிடும். காபித்தூளுக்கு அது நல்ல சூடு, அப்படியே ஊற்றலாம். கீழே வேலூரில் இருப்பவர்கள் கொதித்த தண்ணீரை இறக்கி அரை நிமிடம் விட்டு ஊற்றினால் கசப்பு குறையும்.

ஃபில்டர் சொட்டாமல் அடைத்துக்கொண்டால் மேல் பாத்திரத்தை நெருப்பில் காட்டுங்கள். துளைகளில் அடைத்த தூள் கருகிவிடும், ஆறியபின் தேய்த்துக் கழுவினால் சரியாகிவிடும். பாட்டி காலத்துப் பித்தளை ஃபில்டரைப் பரணிலிருந்து இறக்குகிறவர்கள், தயவுசெய்து ஈயம் பூசிவிட்டு அடுக்களைக்குக் கொண்டுவாருங்கள். வெறும் பித்தளையில் டிகாக்‌ஷன் நிற்கக் கூடாது.

தூள் வாங்கும்போது பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். காபியும் சிக்கரியும் கலந்த தூளில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது நம் நாட்டின் உணவுப் பாதுகாப்பு விதி. அதாவது, கிட்டத்தட்டப் பாதி சிக்கரியாக இருந்தாலும் விற்கலாம். எவ்வளவு சிக்கரி என்பதை அதில் அச்சிட்டிருக்க வேண்டும். சிக்கரி ஒரு கிழங்கு வேர். குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் விளைகிறது. டிகாக்‌ஷனுக்கு நிறமும் கெட்டியும் தரும். நூற்றுக்கு இருபது இருந்தால் நான் குறை சொல்ல மாட்டேன். நாற்பது என்றால் காபிக்குக் கொடுத்த காசில் ஒரு பங்கு வேருக்குப் போகிறது. வறுத்து அரைத்துக் கொடுக்கும் கடை பக்கத்தில் இருந்தால் பீபரி, பிளான்டேஷன் என்ற கொட்டை வகைகளில் ஒன்றைக் கேட்டு, நூறு இருநூறு கிராமாக வாங்குங்கள். அரைத்த தூளின் மணம் சில நாள்தான்.

காபிக்கொட்டையும் நமக்குத் தூரத்துப் பொருள் அல்ல. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் ஏற்காட்டில் காபி பயிரிட்டார். சேர்வராயன் மலையிலும் பழனி மலையிலும் நீலகிரியிலும் இன்றும் விளைகிறது. ஆனால் காபி வீட்டுக்குள் வந்தது வெகு பின்னால். அதற்கு முன் காலையில் நீராகாரமும் பழையதும்தான். காபி பரவியபோது அதைத் திட்டி எழுதியவர்களும் உண்டு. அந்தக் கதையை ஆ. இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்ற நூலில் விரிவாக எழுதியிருக்கிறார்.

இப்போது ஆற்றுவதற்கு வருவோம். டம்ளரில் முதலில் சர்க்கரை, அதன்மேல் டிகாக்‌ஷன், அதன்மேல் காய்ச்சிய சூடான பால். ஒரு பங்கு டிகாக்‌ஷனுக்கு மூன்று பங்கு பால் என்று ஆரம்பித்து, உங்கள் நாக்குக்கு ஏற்றபடி கூட்டிக் குறையுங்கள். டிகாக்‌ஷனை மறுபடி அடுப்பில் வைக்காதீர்கள், மணம் போய்க் கசப்புதான் மிஞ்சும். பாலின் சூடே அதற்குப் போதும். பிறகு டம்ளரிலிருந்து டவராவுக்கு ஊற்றுங்கள். முதல் முறை தாழ்வாக, சர்க்கரை கரையட்டும். அடுத்த முறைகளில் மெல்ல மெல்லக் கையை உயர்த்தி ஒரு முழம் வரை போகலாம். தாரை அறுபடாமல், பாத்திரத்தின் நடுவில் விழ வேண்டும். ஓரத்தில் விழுந்தால் பெரிய குமிழிகள்தான் வரும், அவை உடனே உடையும். நான்கைந்து முறை போதும். அதற்கு மேல் ஆற்றினால் நுரை இருக்கும், சூடு இருக்காது. கடைசி முறை உயரத்திலிருந்து டம்ளருக்குள் இறக்குங்கள். பழக்கம் இல்லாதவர்கள் வெறும் தண்ணீரில் பழகிவிட்டு வாருங்கள், கை சுடாது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் ‘தே தாரிக்’ என்று டீயை இழுத்து ஆற்றுகிறார்களே, அதுவும் நம் பக்கத்திலிருந்து போன முஸ்லிம்களின் கடைகளில் வளர்ந்த கைவேலைதான்.

அமிர்திக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். காபியைக் கலந்து ஃபிளாஸ்க்கில் ஊற்றிக்கொண்டு வராதீர்கள். மணிக்கணக்கில் அடைத்துக் கிடந்த காபியில் நுரையும் இராது, ருசியும் மாறிவிடும். காட்டுக்குள் அடுப்பு மூட்டவும் கூடாது. டிகாக்‌ஷனை ஒரு சிறிய பாட்டிலில் எடுத்துக்கொள்ளுங்கள். பாலை நன்றாகக் கொதிக்கவைத்து, வெந்நீர் ஊற்றிச் சூடேற்றிய ஃபிளாஸ்க்கில் தனியாக வையுங்கள். சர்க்கரை ஒரு பொட்டலம், டவரா டம்ளர் ஒரு ஜோடி. அருவியில் குளித்துவிட்டு வந்து, அங்கேயே கலந்து ஆற்றிக் குடியுங்கள்.