குடிசைக் காட்சி
(கூடல் விழாவில் ஆற்றிய உரை)



தை அறுவடை முடிந்த கையோடு 'பொன்னியின் செல்வ'னை மேடையேற்றப் போறதா நாடக மன்றத்துத் தம்பிகள் சொன்னாங்க. தஞ்சாவூரில் அதைப் போடாமல் வேறெங்கே போடுவது! கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய ஐந்து பாகம். 1999-ல் சென்னையில் மேஜிக் லேன்டர்ன் குழு, குமரவேலின் நாடக வடிவத்தில் அதை ஒரே இரவுக்குள் அடக்கிக் காட்டியது. ஆகவே முடியும்.

போர்க்களத்தை மட்டும் மேடைக்குக் கொண்டுவராதீங்க. அட்டை வாளைக் கண்டால் பின்வரிசை சிரிக்கும். நம்ம ஹால் தெரியாததா! அந்தப் போரின் வலியெல்லாம் ஒரு குடிசையில் இருக்கிறது. காயம்பட்டுக் கிடக்கும் வீரபாண்டியனுக்காக நந்தினி, தன்னை நேசித்த ஆதித்த கரிகாலனிடமே உயிர்ப்பிச்சை கேட்கிறாள். அவன் வெட்டிவிடுகிறான். நாவலில் இதைக் கரிகாலனே மாமல்லபுரத்தில் நண்பன் பார்த்திபேந்திரனிடம் சொல்கிறான். மேடையிலும் அவன் வாயாலேயே வரட்டும். வெட்டினவன் குரல் உடைவதைக் கேட்டால் சபை அசையாது.

கரிகாலன் கொலை சரித்திரம். கொன்றவர்கள் பெயர் உடையார்குடிக் கல்வெட்டில் இருக்கு. நந்தினி கல்கியின் கற்பனை. அதற்காக அவளை வெறும் வில்லியாக்கிடாதீங்க. அந்த வேஷம் கட்டப்போற தங்கச்சி, ஒத்திகைக்கு முன்னால் மாமல்லபுரத்து அத்தியாயங்களை இன்னொரு தரம் படிச்சிடும்மா.