விளக்கு வைக்கிறது யாரு?



இறந்தவரை மறக்காமக் காப்பது குடும்பம்தான்னு எதிரணிச் சகோதரி கண்கலங்கப் பேசிட்டுப் போனாங்க. திவசம் கொடுக்கிறது யாரு, படத்துக்கு மாலை போடுறது யாருன்னு கேட்டாங்க. நியாயந்தான். ஆனா, அந்தக் குடும்பம் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தா?

சென்னை நந்தம்பாக்கத்தில், பூந்தமல்லி போகும் சாலையில் ஒரு போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கு. இரண்டாம் உலகப் போரில் இறந்த 856 பேர் அங்கே உறங்குகிறார்கள். தெற்கிலும் கிழக்கிலும் அங்கங்கே சிதறிக் கிடந்த கல்லறைகளைக் கவனிக்க ஆளில்லைன்னு, 1952-ல் ஒன்றாகச் சேர்த்த தோட்டம் அது. அவர்களில் விமானப்படைப் பிள்ளைகளும் உண்டு. 1942-ல் தஞ்சாவூரில் வெலிங்டன் குண்டுவீச்சு விமானங்கள் நின்றன. 1944-ல் பரங்கிமலையில் லிபரேட்டர் விமானங்கள். தஞ்சாவூர்னா நமக்குத் தலையாட்டி பொம்மை. அந்தப் பையனுக்கு அது ஓடுதளம்! (சிரிப்பு)

ஓட்டுகிறவர் ஒருத்தர், வழி கணிக்கிறவர் ஒருத்தர், கம்பியில்லாத் தந்தி பார்க்கிறவர், வால் பக்கக் கூண்டில் துப்பாக்கியோட ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறவர். பேர் வாங்குறது ஓட்டுகிறவர். விழுந்தா எல்லாரும் சேர்ந்துதான் விழணும்.

உடலை ஊருக்கு அனுப்புவதில்லை என்பது அன்றைய பிரிட்டிஷ் நடைமுறை. அதிகாரியானாலும் சிப்பாயானாலும் கல் ஒரே உயரம். கல்லின் அடியில் ஒரு சின்ன வாசகம் எழுதிக் கொடுக்கலாம். குடும்பத்துக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

"பார்த்தீங்களா, அதை எழுதினது பெத்தவதானே!"ன்னு சகோதரி துள்ளுவாங்க. ஆமாம்மா, எழுதினது பெத்தவதான். அந்தத் தாய்மாரில் எத்தனை பேர் கப்பலேறி வந்து அந்த எழுத்தைத் தடவிப் பார்த்திருக்க முடியும்? எண்பது வருஷம் ஓடிப்போச்சு. அவளும் போய்ச் சேர்ந்துட்டா. இன்னைக்குப் புல்லுக்குத் தண்ணி விட்டு, கல்லைக் கழுவி, அந்த எழுத்து அழியாம வச்சிருக்கிறது நம்ம ஊர்த் தோட்டக்காரர்! (கைதட்டல்)

நமக்கு இது புதுசா? கல்லைத் தேடிக் காண்பதிலிருந்து நட்டு வாழ்த்துவது வரை நடுகல்லுக்கு ஆறு நிலை சொன்னவர் தொல்காப்பியர். வீட்டுக்குள்ளே முடியுற வேலையா அது? ஊர் கூடணும். நம்ம கரிசல் காட்டில் வேப்பமரத்தடியில் எண்ணெய்ப் பிசுக்கோட ஒரு கல் நிற்கும். யார் வீட்டுப் பிள்ளைன்னு கேளுங்க, தெரியாது. பொங்கல் வைக்க மட்டும் மறக்க மாட்டாங்க.

ரங்கூனுக்கு வடக்கே ஒரு நினைவுமண்டபத் தூண்களில் ஏறத்தாழ 27,000 பெயர்கள். கல்லறை எதுன்னே தெரியாதவர்கள். பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். வானம் பொய்த்த வருஷம் பட்டாளத்துக்குப் போன பிள்ளை எந்தத் தூணில் இருக்கான்னு இங்கே எத்தனை வீட்டுக்குத் தெரியும்? அந்தப் பெயர் மேல படிஞ்ச தூசியைத் துடைக்கிறவர் ஒரு பர்மாக்காரர். அவர் நமக்கு மாமனா, மச்சானா? சகோதரி பதில் சொல்லட்டும்.

மணி அடிச்சுட்டீங்க, நடுவர் அவர்களே. (கைதட்டல்)